நஞ்சு தொடும் கை

பூச்சி மருந்து அடிப்பவர் கையில் எந்த உறை இருக்க வேண்டும்? உரக்கடையிலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டுவிட்டு நகர்ந்துவிடக்கூடிய சின்னக் கேள்வி என்றுதான் இது தோன்றும். அறநூல் படிப்பவரும் கோயிலுக்குப் போகிறவரும் இதில் தலைகொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது என்பதுதான் என் கட்சி. கொல்லாமை, வினை, உடல், கடமை என்று நம் சமயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடி வந்த அத்தனையும், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே மக்காச்சோளக் காட்டில் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கூலிக்காரரின் விரல் நுனியில் வந்து கூடுகின்றன. அந்த விரலுக்கு எது பொருந்தும் என்று தெரிந்துகொள்ளாமல் கைக்குக் கிடைத்த உறையை வாங்கிக் கொடுப்பது, ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைவிடச் சில சமயம் பெரிய கெடுதல். நல்ல மனத்தோடு செய்யப்படும் அந்தக் கெடுதலுக்கு அறத்தின் கணக்கில் என்ன இடம், அதன் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதே இங்கே என் கேள்வி.

முதலில் வேலையைப் பார்த்துவிடுவோம். இது மானாவாரிக் கரிசல் பூமி. புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிறார்கள். பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, பாசி, மல்லி விளைந்த காடுகளில் மக்காச்சோளமும் பரவியது. 2018-ல் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் இறங்கிவிட்டது. அந்தப் புழு குருத்துக்குள் உட்கார்ந்து தின்கிறது. ஆகவே மருந்தும் குருத்துக்குள் இறங்க வேண்டும். பயிர் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்ததும் தெளிப்புக் குழாயைத் தூக்கிப் பிடித்தாக வேண்டும். தூக்கிய குழாயில் வழியும் மருந்துத் தண்ணீர் கைப்பிடியைத் தாண்டி மணிக்கட்டுக்கு வருகிறது, அங்கிருந்து முழங்கைக்கு இறங்குகிறது. அதற்கு முன்பே, பாட்டிலைத் திறந்து மூடியில் அளந்து ஊற்றும்போது விரலில் பட்டது தண்ணீர் கலக்காத முழு வீரியமுள்ள மருந்து. நாசில் அடைத்துக்கொண்டால் நகத்தால் சுரண்டுகிறார்கள். சிலர் வாயால் ஊதுகிறார்கள். கூலி டேங்க் கணக்கில் பேசியிருந்தால் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். கை கழுவலாம் என்றால், மருந்து கலக்கக் குடத்தில் சுமந்து வந்த தண்ணீரைத் தவிர அந்தக் காட்டில் வேறு தண்ணீர் இருப்பதில்லை.

நஞ்சு உடம்புக்குள் போகும் வழி மூக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் துண்டை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் அடிக்கிறார்கள். ஆனால் வயலில் தெளிப்பவர் உடம்பில் சேரும் நஞ்சில் பெரும்பகுதி தோல் வழியாகவே போகிறது. எந்தத் தோல் எவ்வளவு உறிஞ்சும் என்பதை மைபாக், ஃபெல்ட்மன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து 1971-ல் வெளியிட்டார்கள். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மனிதத் தோலில் தடவிப் பார்த்ததில், முன்கை உறிஞ்சியது 8.6 சதவீதம், உள்ளங்கை 11.8, புறங்கை 21, நெற்றி 36. விரைப்பையிலோ தடவியது ஏறத்தாழ அத்தனையும் உள்ளே போயிருந்தது. காய்த்துப்போன உள்ளங்கை கவசம்போல நிற்கும் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை. அதைவிட முக்கியமானது, கை ஓரிடத்தில் நிற்காது என்பது. நெற்றி வியர்வையைத் துடைப்பதும் அதுதான், பீடியைப் பற்ற வைப்பதும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதும், வேலியோரம் ஒதுங்கும்போது வேட்டியை ஒதுக்குவதும் அதுதான். கையில் பட்டது நெற்றிக்கும் உதட்டுக்கும் அடிவயிற்றுக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே கையுறை என்பது கையை மட்டும் காப்பதற்கான பொருள் இல்லை. கை வழியாக ஆளையே காப்பது.

இனி உறையின் வகை. நூலில் பின்னிய வெள்ளைக் கையுறையும் தோல் கையுறையும் எங்கும் கிடைப்பவை, பார்த்தால் கெட்டியாகவும் இருப்பவை. பூச்சி மருந்துக்கு இவை இரண்டும் ஆகாது. மருந்தை உறிஞ்சி, வேலை முடியும்வரை தோலோடு ஒட்டி வைத்திருக்கும். மூலிகைப் பற்றுப் போட்டு மேலே துணி சுற்றினால் சாறு உள்ளே இறங்குகிறதல்லவா, அதே வேலையை நஞ்சுக்குச் செய்யும். ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய உறை சீக்கிரம் கிழியும். முட்செடியும் இரும்புக் கைப்பிடியும் உள்ள வேலைக்கு அது தாங்காது. சாதாரண ரப்பர் உறையோ, லேபிளில் இ.சி. என்று போட்ட மருந்துகளில் கலந்திருக்கும் சைலீன் போன்ற கரைப்பான்கள் பட்டால் உப்பி இளகிவிடும். இந்த வேலைக்குப் பொதுவாகப் பொருந்துவது நைட்ரைல். கனம் 0.35 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, உள்ளே துணி ஒட்டியிருக்கக் கூடாது, முன்கையில் பாதிவரை வர வேண்டும். 2019-ல் வந்த ஐஎஸ்ஓ 18889 என்ற உலகத் தரம், பூச்சிக்கொல்லியைக் கையாள்பவருக்கென்றே உறைகளை மூன்றாகப் பிரிக்கிறது. தண்ணீர் கலந்த மருந்துக்கும் அபாயம் குறைந்த வேலைக்கும் ஜி1. கலக்காத மருந்தையும் தொடுபவருக்கு ஜி2. தெளித்துக் காய்ந்த பயிரில் பிறகு வேலை செய்பவருக்கு ஜிஆர். பருத்தி, உளுந்து போன்ற தாழ்ந்த பயிரில் சட்டைக் கையை உறைக்கு மேலே விட வேண்டும். மக்காச்சோளத்தில் கை மேலே போவதால் சட்டைக் கை உறைக்குள் இருக்க, உறையின் ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் வழிவது அந்த மடிப்பில் நிற்கும். கழற்றுவதற்கு முன், உறை கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டு வெளிப்புறத்தைக் கழுவ வேண்டும். மறுநாள் போடுமுன் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரைப்பான் கடுமையாக உள்ள சில மருந்துகளுக்கு லேபிள் வேறு உறை சொல்லும். அப்போது லேபிள் சொல்வதே முடிவு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, ஏதோ ஓர் உறை கொடுத்தாலே புண்ணியம்தானே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில் இந்த மண்ணிலேயே இருக்கிறது. அருப்புக்கோட்டை வட்டாரத்துக் குறண்டியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர்கள், மாணாக்கர்களின் பெயர்கள் மதுரைப் பக்கத்துச் சமண மலைகளின் கல்வெட்டுகளில் இருக்கின்றன. உட்காரும் இடத்தில் எறும்பு நசுங்காமல் மயிற்பீலியால் தடவிவிட்டு உட்கார்ந்த துறவிகள் நடமாடிய கரிசல் இது. அவர்களுடைய சமயம் வீடுபேற்றுக்கு மூன்று மணிகளை வைத்தது: நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்கும் நல்ல செயலுக்கும் நடுவில் அறிவை ஏன் தனியாக ஒரு மணியாக வைத்தார்கள் என்பதற்கு, நூல் கையுறையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணம் நல்லது, கொடுத்த கையும் ஈரமுள்ளது. ஆனால் எது நஞ்சைத் தடுக்கும், எது நஞ்சைப் பிடித்து வைக்கும் என்ற அறிவு இல்லாததால் அந்த ஈகையே மற்றவர் தோலுக்குள் நஞ்சை இறக்குகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, அஜாக்கிரதையினால் உயிருக்கு ஊறு செய்வது என்பதைத்தான் மையத்தில் வைக்கிறது. சமணத் துறவி கடைப்பிடிக்க வேண்டிய ஐந்து சமிதிகளில் ஒன்று, ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். மருந்துப் பாட்டிலை எடுக்கும் கைக்கும் வைக்கும் கைக்கும் இதைவிட நேரான விதி இல்லை.

எண்ணம் பெரிதா, செயல் பெரிதா என்பது பழைய சண்டை. மஜ்ஜிம நிகாயத்து உபாலி சூத்திரத்தில், உடலால் செய்யும் வினையே கனமானது என்று நிகண்டர் எனப்பட்ட சமணர் தரப்பும், மனத்தால் செய்யும் வினையே கனமானது என்று புத்தரும் எதிரெதிரே நிற்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் எனக்குப் புத்தர் தரப்பே நெருக்கம். தெரியாமல் மிதித்த எறும்புக்கும் வேண்டுமென்றே நசுக்கிய எறும்புக்கும் வேறுபாடு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் நஞ்சு விஷயத்தில் சமணர் பக்கம் சாயாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் ‘தெரியாது’ என்பது இங்கே எப்போதும் நிரபராதமான நிலை இல்லை. 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன்கீழ் வந்த 1971-ன் விதிகளும் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளிலும் நிறமிட்ட முக்கோணத்தைப் போடச் சொல்கின்றன. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. படிக்காதவரும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளட்டும் என்று வைத்த நிறங்கள். கையாள்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன. தெரிந்துகொள்ளும் வழி இவ்வளவு அருகில் இருந்தும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதைத்தான் அந்தப் பழைய சூத்திரம் அஜாக்கிரதை என்கிறது.

அப்படியானால் பொறுப்பு யாருக்கு? மருந்தடித்தவர் தானே கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பது சுலபமாக வந்துவிடும் பதில். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இதே பதில்தான் வந்தது: அவர்கள் பாதுகாப்பு உடை அணியவில்லை. அந்த ஆண்டு செடி வழக்கத்தைவிட உயர்ந்து வளர்ந்திருந்தது, மருந்து முகத்துக்கும் தோளுக்கும் நேராகத் தெறித்தது, அடித்தவர்களில் பலர் நாள் கூலிகள். நிலம் அவர்களுடையது இல்லை, மருந்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் இல்லை, எத்தனை மருந்தை ஒன்றாகக் கலப்பது என்று முடிவு செய்ததும் பெரும்பாலும் அவர்கள் இல்லை. நம் பக்கத்துக் காடுகளில் நிலைமை வேறா? கடைக்காரர் இரண்டு மருந்தைச் சேர்த்து எழுதிக் கொடுக்கிறார். நிலத்துக்காரர் வாங்கி வருகிறார். டேங்க்கைச் சுமப்பவர் கடைசியில் வருகிறார். முடிவெடுப்பதில் கடைசி ஆளாகவும் நஞ்சைத் தொடுவதில் முதல் ஆளாகவும் இருப்பவர் மேல் முழுப் பழியையும் போடுவது எந்த அறக்கணக்கிலும் செல்லாது.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இந்த இடத்தில் நமக்குத் துணை. கொன்றவனோடு கணக்கை முடித்துவிடாமல், விலை கொடுத்து வாங்குகிறவனையும் வள்ளுவர் அந்தக் கொலைக்குள் இழுத்து வருகிறார். கொன்றது வேறொருவர், தின்றதில் எனக்குப் பாவமில்லை என்ற வாதத்தைச் சமண நூலான நீலகேசியும் விடாமல் மறுக்கிறது. வாங்குவோர் இருப்பதால்தான் அந்தத் தொழில் நடக்கிறது என்ற எளிய காரண காரியத்தை நம் முன்னோர் அறமாக ஏற்றார்கள். அதே காரண காரியத்தைப் பூச்சி மருந்துக்குப் பொருத்தினால், மக்காச்சோளத்தைக் கோழித் தீவனமாக்கி முட்டை தின்னும் நகரத்து வீடும், பருத்தி வேட்டி உடுத்தும் நாமும் இதற்குள் வந்துவிடுகிறோம். எல்லோருக்கும் சமமான பங்கு என்று நான் சொல்லவில்லை. ஏவியவருக்குப் பங்கு அதிகம். கூலிக்குச் செய்தவருக்குக் குறைவு. தூரத்தில் இருந்து நுகர்பவருக்கு இன்னும் வேறு அளவு. ஆனால் உடம்பில் சேரும் நஞ்சின் பங்கைப் பாருங்கள்: அது நேர் எதிராக, மிகக் குறைந்த பொறுப்புள்ளவருக்கே முழுமையாகப் போகிறது. சரியான கையுறை இந்த அநீதியை ஒழித்துவிடாது. ஏவியவர் தன் பங்கில் ஒரு சிறு பகுதியையாவது தானே சுமந்துகொள்கிறார் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. இந்த இடத்தில் மருந்தடிப்பவரை நீலகண்டனோடு ஒப்பிட்டுப் புகழ்கிற வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஆலகாலத்தைத் தன் விருப்பத்தில் எடுத்துக் குடித்தவன் இறைவன். டேங்க் கூலிக்கு வருபவருக்கு அந்த விருப்பமும் இல்லை, அதைத் தாங்கும் கண்டமும் இல்லை.

விதி என்று ஒன்று இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. திருச்சுழியில் இதைச் சொல்பவருக்கு ஒரு தனி வலு உண்டு. 1879 டிசம்பர் 30-ல் அந்த ஊரில் பிறந்த ரமணர், 1898-ல் தம்மை வீட்டுக்கு அழைத்துப்போகத் திருவண்ணாமலை வந்து அழுத தாய் அழகம்மாளுக்கு எழுதிக் கொடுத்த பதில், நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்ற பொருளில்தான் இருந்தது. உடல் நான் இல்லை என்பது அவர் போதனையின் அடித்தளம். 1896-ல் பாதாள லிங்கக் குகையில் பூச்சிகளும் எறும்புகளும் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் அவர். பின்னாளில் மலையில் நடக்கும்போது தெரியாமல் கால் பட்டுக் கலைந்த குளவிகள், அந்தக் காலைக் கொட்டித் தீர்க்கட்டும் என்று நின்றவர். 1949-ல் இடக்கையில் வந்த புற்றுக் கட்டி அறுவை நடந்தும் அடங்காதபோது, கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை மறுத்தவர். இப்படிப்பட்டவர் பிறந்த ஊரில் கைக்கு உறை தேடுவது உடம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவது ஆகாதா என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான்.

பதிலும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1914-ல் அதே தாய் திருவண்ணாமலைக்கு வந்த இடத்தில் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தபோது, நடக்க வேண்டியது நடக்கும் என்று அவர் எட்டி நிற்கவில்லை. கூடவே இருந்து பணிவிடை செய்தார். தாயைக் காக்க வேண்டும் என்று அருணாசலனை வேண்டிப் பாட்டும் எழுதினார். பூச்சி கடித்தது தம் தொடையை, குளவி கொட்டியது தம் காலை, கட்டி வந்தது தம் கையில். அங்கே உடல் நான் இல்லை. அடுத்தவர் உடம்பு காய்ச்சலில் கொதிக்கும்போது அந்த வாக்கியம் அவர் வாயில் வரவில்லை. தன் கையைப் பற்றி மட்டுமே சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு ஞான வாக்கியத்தை, கூலிக்கு வந்தவர் கையைப் பற்றி நிலத்துக்காரர் சொன்னால் அதில் ஞானம் இல்லை, வசதிதான் இருக்கிறது. விதியைப் பற்றியும் இதையே சொல்வேன். ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர்தான் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். நடந்து முடிந்ததைத் தாங்கிக்கொள்ள ஊழ் உதவும். நாளை காலை நடக்கப்போவதைத் தடுக்காமல் இருப்பதற்கு அதைச் சாக்காக்க அவர் இடம் கொடுக்கவில்லை.

மிகக் கனமான மறுப்பு வெயில். இந்த வறட்டுப் பூமியில் வெயில் ஏறிய பிறகு நைட்ரைல் உறைக்குள் கை வெந்துபோகும், வியர்வை உறைக்குள் தேங்கும்; கொடுத்தாலும் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத்தான் அடிப்பார்கள். இதைச் சொல்பவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். வியர்த்த, சூடேறிய தோல் நஞ்சை இன்னும் வேகமாக உறிஞ்சும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிகாலையில் அடிப்பதும், உள்ளே வியர்வை சேர்ந்ததும் கழுவிக் காய வைத்து மாற்று உறை போடுவதும் ஓரளவுக்கு உதவும். ஆனால் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வகுத்த பூச்சிக்கொல்லி நடத்தை நெறி இதைவிடத் தொலைவு போகிறது. எந்த மருந்தைக் கையாள அணிய வேண்டிய பாதுகாப்பு உடை அசௌகரியமானதோ, விலை கூடியதோ, எளிதில் கிடைக்காததோ, அந்த மருந்தையே தவிர்க்க வேண்டும், வெப்ப நாட்டுச் சிறு விவசாயிகள் விஷயத்தில் குறிப்பாக என்கிறது அது. இதன் பொருளை முழுதாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும். உறை போட முடியாத வெயில் என்றால், விட வேண்டியது உறையை இல்லை, மருந்தை. பாட்டிலில் சிவப்பு முக்கோணம், வெளியே சுடுவெயில், ஆளிடம் உறை இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால், அன்றைக்கு அந்த மருந்து அந்தக் காட்டுக்குள் போகக் கூடாது. எந்த உறை சரி என்று நேர்மையாகக் கேட்பவர் கடைசியில் இந்த மருந்து வேண்டுமா என்ற கேள்விக்கு வந்தே தீர வேண்டியிருக்கிறது. கையுறைக் கேள்வியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீவிரக் கொல்லாமை பேசுவோர் இதற்கும் மேலே ஒரு படி நின்று கேட்பார்கள்: கொலையே தவறு எனும்போது, கொல்பவன் கைக்குப் பாதுகாப்புத் தேடுவது கொலையை எளிதாக்குவது ஆகாதா? எளிதாக்கும் அபாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நல்ல உறை வந்துவிட்டது என்று இரண்டு முறை அடிப்பவர் நாலு முறை அடிக்கலாம். ஆனால் வெறுங்கையாக விட்டால் புழுவுக்கு என்ன லாபம்? புழுவும் சாகிறது, ஆளும் நோகிறார். ஓர் உயிர் போவதற்கு ஈடாக இன்னோர் உயிர் வதைபட வேண்டும் என்று கொல்லாமை எங்கும் சொல்லவில்லை. சமணமே இல்லறத்தாருக்கு வேறு அளவுகோல் வைத்தது. வேண்டுமென்றே செய்யும் கொலையை விலக்கு. பிழைப்புத் தொழிலில் தவிர்க்க முடியாமல் நேர்வதைக் குறைத்துக்கொண்டே வா என்றது. வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த குடியானவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குறைப்பதற்கு வழிகளும் உண்டு. படைப்புழுவுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பரிந்துரையே கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கில் தொடங்குகிறது. விதை நேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, இனக்கவர்ச்சிப் பொறி என்று போகிறது. மருந்து அதில் ஒரு பகுதிதான். பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போய்க் கேட்கத் தூரமில்லை.

டேங்க் சுமப்பவரோடு இந்தக் கணக்கு முடிவதும் இல்லை. அடித்த காட்டில் களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் இறங்கும் பெண்களின் விரல்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. மல்லிகையைப் பாருங்கள். மொட்டுப்புழுவுக்கு அடிக்கடி மருந்து வாங்கும் செடி அது. விடியுமுன் மொட்டு விரியாத பதத்தில், வெறும் விரல் நுனியால் கிள்ளித்தான் எடுத்தாக வேண்டும். அருப்புக்கோட்டைச் சந்தைக்கு வந்து, தொடுக்கப்பட்டு, திருச்சுழியில் திருமேனிநாதருக்கும் துணைமாலையம்மைக்கும் சாத்தப்படும் சரத்தில் அந்த விரல்கள் பட்டிருக்கின்றன. பூத்தொண்டுக்கு ஆசாரம் வகுத்த நம் சமயம், பூவை மோந்து பார்க்கக் கூடாது, குளிக்காமல் தொடக் கூடாது என்றெல்லாம் பூவின் தூய்மையைக் காத்தது. பூ எடுப்பவர் விரலைக் காப்பதும் அந்த ஆசாரத்தில் சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மருந்தடித்த பிறகு லேபிளில் சொன்ன நாள்வரை தோட்டத்துக்குள் ஆள் இறக்காமல் இருப்பதும், இறக்கும்போது விரல் நுனிக்குப் பொருந்தும் மெல்லிய ஜிஆர் வகை உறை கொடுப்பதும், கோயிலுக்குப் பூ அனுப்புகிறவரின் தொண்டில் ஒரு பகுதி. மொட்டைக் கிள்ள முடியாது என்று எடுப்பவர்கள் சொன்னால், அந்த வாரம் மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் மிச்சமிருக்கும் வழி.

செலவைப் பற்றிய மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரு பருவத்துக்கு வாங்கும் மருந்தின் விலையோடு வைத்துப் பார்த்தால் இரண்டு ஜோடி நல்ல நைட்ரைல் உறை பெரிய தொகை ஆகாது. கடையில் கேட்டால் இல்லை என்கிறார்கள் என்பது மட்டும் உண்மையான தடை, அதற்கும் காரணம் கேட்பார் இல்லாததுதான். ஆகவே நிலம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இந்த ஐப்பசியில் விதைப்பு முடிந்து முதல் மருந்து வாங்கப் போகும்போது, பாட்டிலைத் திருப்பி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பென்றால் வேறு கேளுங்கள். மருந்தோடு, அதை அடிக்கப்போகிறவரின் கை அளவைச் சொல்லி, கனமான, உள்ளே துணி இல்லாத, நீளக் கை வைத்த நைட்ரைல் உறை ஒரு ஜோடி கேளுங்கள். கை கழுவ ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் காட்டுக்குத் தனியாக அனுப்புங்கள். உறை இல்லை என்று கடைக்காரர் சொன்னால், வரும்வரை மருந்தையும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.